டம்ளர் மாஸ்டரும் பதினேழு இஞ்ச் சக்கரமும்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களில் பாதிப் பேர் கத்துவார்கள், மீதிப் பேர் தலையில் அடித்துக்கொள்வார்கள். மாஸ்டர் இரண்டும் செய்யமாட்டார். ஒரு ஸ்டீல் டம்ளரில் கழுத்து வரைக்கும் தண்ணீர் ஊற்றி, காரின் டேஷ்போர்டின் மேல் வைப்பார். அது உட்காருவதற்கென்றே சின்ன மரப்பலகை ஒன்றைப் பசைபோட்டு ஒட்டியிருந்தார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு, "கிளம்புங்க" என்பார். அவருடைய பள்ளிக்கூடத்தின் பாடத்திட்டம் அதோடு முடிந்தது.

தண்ணீர் சிந்தாமல் கிளம்பி, சிந்தாமல் கியர் மாற்றி, சிந்தாமல் நிறுத்தத் தெரிந்தவருக்கு லைசன்ஸ் தானாக வரும் என்பது அவர் கட்சி. அவரிடம் கற்றுக்கொண்டவர்கள் எவ்வளவு பெரிய பதவிக்குப் போனாலும் பிரேக்கில் கால் வைக்கும்போது ஒரு கணம் மூக்குக்கு நேரே பார்ப்பார்கள். அங்கே டம்ளர் இருக்காது. இருந்தாலும் பார்ப்பார்கள். ஊரில் அவருக்கு டம்ளர் மாஸ்டர் என்றுதான் பெயர். அவர் வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகைகளிலேயே அப்படி எழுதியிருக்கிறார்கள்.

இந்தப் பழக்கம் கண்ணாடிக் கடையிலிருந்து வந்தது. இளவயதில் அவர் ஒரு கண்ணாடிக் கடையின் வேனை ஓட்டினார். பின்னால் ஆளுயர நிலைக்கண்ணாடிகள் நிற்கும்; முன்னால் முதலாளி உட்கார்ந்து ஒவ்வொரு குலுக்கலுக்கும் "ஐயோ" என்பார். அந்த ஐயோவைக் கேட்காமல் வீடு போய்ச் சேருவதுதான் அவர் வாலிபம் முழுவதும் பட்ட பாடு. சொந்தமாக ஒரு பழைய காரை வாங்கிப் பள்ளி தொடங்கியபோது, முதலாளிக்குப் பதிலாக டம்ளரை வைத்துக்கொண்டார். டம்ளர் ஐயோ சொல்லாது. ஆனால் பொய்யும் சொல்லாது.

பொய் சொல்வதெல்லாம் கற்றுக்கொள்ள வந்தவர்கள்தான். ஈ வந்து உட்கார்ந்தது என்பார்கள், காற்று அடித்தது என்பார்கள். ஒரு பேங்க் அதிகாரி சட்டையெல்லாம் நனைந்து நின்றுகொண்டு, "தாகமா இருந்துச்சு மாஸ்டர், ஒரு வாய் குடிச்சுட்டேன்" என்றார். மாஸ்டர் மறுபேச்சுப் பேசாமல் டம்ளரை நிரப்பி, மைதானத்தை மறுபடி சுற்றவைத்தார். அன்றிலிருந்து யாராவது தண்ணீரைச் சிந்திவிட்டு முழித்தால், "என்ன, தாகமா?" என்று கேட்பது அவர் வழக்கமாகிப்போனது.

ஒன்றை மட்டும் சொல்லிவிடவேண்டும். காரை ஓட்டுவதில் இத்தனை கெட்டிக்காரரான மனிதருக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. பானட்டைத் திறந்து பார்த்தவரில்லை. அவரைப் பொறுத்தவரை கார் என்பது ஒரு ஸ்டியரிங், மூன்று பெடல், ஒரு டம்ளர். மற்றதெல்லாம் மெக்கானிக்கின் குடும்ப விவகாரம். அதில் அவர் தலையிடமாட்டார்.

அவர் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, காருக்கு அலங்காரச் சாமான் விற்கும் கடை திறந்தான். சீட் உறை, விளக்கு, ஹாரன் எல்லாம் இருந்தாலும் அவன் உயிர் சக்கரத்தில் இருந்தது. சுவர் முழுக்கப் பளபளவென்று ரிம்மாகத் தொங்கவிட்டிருந்தான். கடை திறப்பு அன்று காபியும் கையுமாக நின்றவர்களில் ஒருவர், "இன்னும் எத்தனை நாளைக்கு மாஸ்டர் ஓட்டுறதா உத்தேசம்?" என்று விளையாட்டாகக் கேட்டுவைத்தார். கூட்டத்தைப் பார்த்தால் மாஸ்டருக்குக் கொஞ்சம் வாய் நீளும்.

"நான் ஓட்டும்போது என்னைக்கு என் கார் டம்ளர்ல தண்ணி சிந்துதோ, அன்னைக்குச் சாவியைக் கொண்டுபோய் வீட்டு ஆணியில மாட்டிடுவேன். அப்புறம் தொடமாட்டேன்" என்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள். மனைவி மட்டும் தட்டவில்லை.

அவளுக்குக் காரணம் இருந்தது. அவள் வீட்டின் முன்னறையில் மோட்டார் தையல் மெஷின் போட்டு, திரைச்சீலையும் பள்ளிக்கூடச் சீருடையும் தைப்பவள். ஒருமுறை கார் பட்டறையில் கிடந்தபோது மாஸ்டர் வீட்டோடு இருக்க நேர்ந்தது. மெஷினுக்கும் காலடியில் ஒரு பெடல் உண்டு என்பதை அப்போதுதான் அவர் கண்டுபிடித்தார். "மெதுவா அழுத்து, மெதுவா விடு, காலைத் திடீர்னு எடுக்காதே" என்று பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மறுநாள் மெஷினின் மேல் டம்ளரைக் கொண்டுவந்து வைத்தார். அவள் அதை எடுத்துக் குடித்துவிட்டு, வெளியே போகச் சொன்னாள். ஓட்டுவதை இந்த மனிதர் நிறுத்தினால் தனக்கு என்ன கதி என்று அவள் அன்றே பார்த்துவிட்டாள்.

கடை திறந்த சில நாளில் மச்சினன் ஒரு யோசனையோடு வந்தான். மாமாவின் கார் நாள் முழுக்க ஊரைச் சுற்றுகிறது; அதில் தன் சக்கரத்தை மாட்டினால் நடமாடும் விளம்பரம்.

"பதினாலு இஞ்ச் ரிம்மை வச்சுக்கிட்டு எத்தனை நாளைக்கு மாமா உருளுவீங்க? பதினேழு போடுறேன். சக்கரம் பெரிசானா குழி சின்னதாயிடும். பெரிய பஸ்ஸெல்லாம் எப்படிப் போகுது, பாக்கறீங்கல்ல?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. நாலு சக்கரமும் தன் அன்பளிப்பு என்று வேறு சொன்னான். மனைவியின் தம்பி தருவதை வேண்டாம் என்றால் அந்த வீட்டில் ஒரு வாரத்துக்குச் சோறு இறங்காது. மாஸ்டர் சரி என்றார். கழற்றிய பழைய சக்கரங்களை மச்சினன் அக்கா வீட்டு முன்னறையில் இறக்கிவிட்டுப் போனான். தையல் மேசையின் கால் ஒன்று வெகுநாளாக ஆடிக்கொண்டிருந்தது. அவள் அந்த மேசையைத் தள்ளிவிட்டு, நாலு சக்கரத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அகலமான பழைய கதவுப் பலகையைக் குறுக்கே போட்டு, மேலே மெஷினைத் தூக்கி வைத்துக்கொண்டாள். உயரம் அளவெடுத்ததுபோல் இருந்தது.

புதுச் சக்கரம் போட்ட கார் தெருவில் இறங்கியதும் ஊர் திரும்பிப் பார்த்தது. பழைய டயர் உப்பிய கன்னம் மாதிரி இருக்கும். இதில் பெரிய வெள்ளி ரிம்மைச் சுற்றி ரப்பர் ஒரு கறுப்பு நாடா மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரர்கள் முதலில் சக்கரத்தைப் பார்ப்பார்கள், பிறகு நிமிர்ந்து மாஸ்டரைப் பார்ப்பார்கள், பிறகு மறுபடி சக்கரத்தைப் பார்ப்பார்கள். அந்த மூன்றாவது பார்வையில் என்ன இருந்தது என்று மாஸ்டர் ஆராயவில்லை. கறுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டார். காரைக் கடைகளின் ஓரமாக நிறுத்தி, கண்ணாடிக் கதவில் அது தெரிகிற அழகைப் பார்த்தார்.

அப்போது அவரிடம் கற்றுக்கொண்டிருந்தவர் ஒரு ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ். வலிக்காமல் ஊசி போடுவதில் பேர் வாங்கிய கை. கால் மட்டும் அப்படியில்லை. கிளட்சைக் கரப்பான்பூச்சியை மிதிப்பதுபோல் மிதிப்பார். புதுச் சக்கரம் வந்தபிறகு வண்டி இழுக்க மறுத்தது. மேம்பாலத்து ஏற்றத்தில் நிறுத்திக் கிளம்பச் சொன்னால் இன்ஜின் அணைந்து அணைந்து போனது. பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது.

"இறங்குங்கம்மா, நான் காட்டுறேன்" என்று மாஸ்டர் இடம் மாறி உட்கார்ந்தார். அவருக்கே கொஞ்சம் கூடுதலாக அழுத்தவேண்டியிருந்தது. கிளம்பிவிட்டார். பாலத்தின் நடுவில் இரண்டு துண்டு சிமெண்ட் சேருகிற இடத்தில் ஒரு சின்ன மூட்டு உண்டு. வருஷக்கணக்காக அவர் கவனித்ததேயில்லாத மூட்டு. கார் அதில் ஏறி இறங்கியது. டமால் என்று ஒரு சத்தம் முதுகெலும்பு வழியாக ஏறிக் கடைவாய்ப் பல்லில் போய் உட்கார்ந்தது. டம்ளரிலிருந்து தண்ணீர் எழுந்து, பாதி கியர் கம்பியிலும் பாதி நர்ஸம்மா மடியிலும் விழுந்தது.

மாஸ்டர் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

"மாஸ்டர், தண்ணி" என்றார் நர்ஸம்மா.

"தெரியுது."

"தாகமா?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாது என்று உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று இரவு மாஸ்டர் சாவியை ஆணியில் மாட்டவில்லை. ரோடு சரியில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மறுநாள் டம்ளரில் தண்ணீர் கழுத்திலிருந்து மார்புக்கு இறங்கியது. அதுவும் தளும்பியது. பிறகு இடுப்புக்கு வந்தது. வார முடிவில் டம்ளரின் அடியில் இருமல் மருந்து அளவுக்குக் கிடந்தது.

"இது பாடமா மாஸ்டர், டோஸா?" என்று நர்ஸம்மா கேட்டார்.

சக்கரத்தின் மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. வருவதற்கு அவர் இடம் கொடுக்கவில்லை என்பதுதான் சரி. அவ்வளவு அழகான சாமான், அதுவும் ஊரே திரும்பிப் பார்க்கிற சாமான், தனக்கு எதிராக வேலை செய்யும் என்று யார்தான் நினைப்பார்கள்? கோளாறு தன் வலது காலில்தான் என்று முடிவு கட்டினார். வயதாகிவிட்டது, காலுக்குக் கனம் தெரியாமல் போய்விட்டது. காலையில் படுக்கையிலேயே கணுக்காலை இப்படியும் அப்படியும் சுழற்றினார். கட்டிலின் கால்மாட்டுச் சட்டத்தைப் பிரேக்காகப் பாவித்து அழுத்திப் பழகினார். பக்கத்தில் படுத்திருந்த மனைவி, கனவில் யார் மேலாவது வண்டியை ஏற்றப் பார்க்கிறாரா என்று எழுந்து உட்கார்ந்தாள்.

இதற்கு முத்திரை வைத்ததுபோல் வேகச்சோதனையில் போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். குனிந்து பார்த்தவர் வெலவெலத்துப்போனார். அவரே மாஸ்டரிடம் கற்றுக்கொண்டவர்.

"மாஸ்டர், நீங்களா? அளவுக்கு மேல போறீங்களே?"

மீட்டரைப் பார்த்துத்தான் வந்தேன், முள் கோட்டைத் தாண்டவேயில்லை என்று மாஸ்டர் சொன்னார். எல்லோரும் சொல்வதும் அதுதான் என்பதால் போலீஸ்காரர் தரையைப் பார்த்தார். எச்சரிக்கையோடு விட்டுவிட்டார். சலாம் வேறு வைத்தார். அந்தச் சலாம்தான் மாஸ்டரைக் கொன்றது.

மைதானத்துக்குப் போனதும் நர்ஸம்மா அவரை ஒரு கல்லில் உட்காரவைத்து, முழங்காலுக்குக் கீழே விரல்முட்டியால் தட்டினார். கால் துள்ளி அவர் கைப்பையை உதைத்தது. பாதத்தை அழுத்தச் சொன்னார், விடச் சொன்னார். ரத்த அழுத்தமும் பார்த்தார்.

"காலுக்கு ஒண்ணுமில்ல. வண்டியை யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

"வண்டிக்கு என்னம்மா? இப்பத்தான் புதுச் சக்கரம் போட்டிருக்கு" என்றார் மாஸ்டர், அந்த நிலையிலும் கொஞ்சம் பெருமையாக.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் சாவியை ஆணியில் மாட்டினார். சத்தம் கேட்டு மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றவேண்டாமா என்றார். நர்ஸம்மாவுக்கு டெஸ்ட் வருகிறதே என்று அவள் கேட்டதற்கு, வேறு நல்ல இடமாகப் பார்த்துச் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். சாப்பிடாமல் படுத்தார். கட்டில் சட்டத்தை அழுத்தவுமில்லை.

மறுநாள் விடிந்ததும் அவள் பயந்தபடியே ஆயிற்று. தட்டுகள் உயரவாரியாக அடுக்கப்பட்டிருந்தன. அடுப்பிலிருந்து தொட்டிக்குத் திரும்பும்போது வலப்பக்கம் பார்த்துத் திரும்பவேண்டும் என்று ஒரு அறிவுரை வந்தது. மதியத்துக்குள், துடைப்பத்தை எந்தக் கோணத்தில் பிடித்தால் தோள் வலிக்காது என்பதுவரைக்கும் வந்துவிட்டார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முன்னறைக்குப் போய்க் கதவை ஒருக்களித்துவிட்டுத் தைக்க உட்கார்ந்தாள். கனமான திரைச்சீலைத் துணி. மெஷின் முழு வேகத்தில் இரைந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு மாஸ்டர் வந்தார். கையில் தண்ணீர் டம்ளர். குடிக்கத்தான் எடுத்துவந்தார், கைப்பழக்கத்தில் கழுத்து வரைக்கும் ஊற்றியிருந்தார். கிடைத்த இடத்தில், பலகையின் மேல் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

மெஷின் தடதடத்தது. டம்ளரில் தண்ணீர் அசையவில்லை. நடுவில் மட்டும் ஒரு மெல்லிய வட்டம் வந்து வந்து போயிற்று.

மாஸ்டரின் முகம் சுருங்கியது. "இவ்வளவு வேகமா ஓட்டுறே, ஒரு சொட்டு தளும்பலையே. உன் கால் என் காலைவிட நிதானம் ஆயிடுச்சு" என்றார். கட்டிய மனைவியிடமே தோற்றுப்போன துக்கம்.

அவள் மெஷினை நிறுத்தினாள். டம்ளரைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். பழைய மேசையில் தைத்தபோது டீயை வைத்தால் துணியெல்லாம் கறை ஆகும் என்பதும், இப்போது கொஞ்ச நாளாகப் பக்கத்திலேயே வைத்துக் குடிக்கிறோம் என்பதும் அவளுக்கு அந்த நொடியில்தான் ஒன்றாக வந்து நின்றன.

"என் காலும் இல்ல, உங்க காலும் இல்ல. கீழே குனிஞ்சு பாருங்க."

குனிந்தார். உப்பிய கன்னத்தோடு அவருடைய பழைய சக்கரங்கள் நாலும் பலகைக்கடியில் பொறுமையாக உட்கார்ந்திருந்தன.

"அதுல எவ்வளவு ரப்பர் இருக்கு, வாசல்ல நிக்கிறதுல எவ்வளவு இருக்கு? கட்டிலைப் பெரிசாக்கிட்டு மெத்தையை மெலிசாக்கிட்டுப் போயிருக்கான் என் தம்பி. இடிக்காம என்ன பண்ணும்?"

மாஸ்டர் எழுந்திருக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார். எழுந்ததும் முதல் காரியமாக வலது காலை நீட்டி ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

மச்சினனுக்கு ஆள் போயிற்று. வந்தவன் அக்காவின் முகத்தைப் பார்த்ததுமே செருப்பைக் கழற்றாமல் வாசற்படியில் நின்றான். கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வந்தது. ரிம் பெரிதானால் டயரின் பக்கச்சுவர் குறையும், குலுக்கலைத் தாங்குவது அந்தச் சுவர்தான், ஆகவே கொஞ்சம் இடிக்கத்தான் செய்யும். சக்கரம் கனம் கூடுதல், அதனால் இழுவை மந்தமாகும். மொத்த வட்டமும் ஒரு சுற்றுப் பெரிதாகிவிட்டது. ஒரு சுழற்சிக்கு வண்டி முன்பைவிட அதிக தூரம் போகும், மீட்டருக்கு அது தெரியாது, பழைய கணக்கையே காட்டும்.

"அப்ப அந்தப் போலீஸ்காரர்..." என்று மாஸ்டர் பாதியில் நிறுத்தினார். அவர் மார்பிலிருந்து ஏதோ இறங்கி நடந்து போனது.

"ஆனா மாமா, வளைவுல பிடிப்பு பிரமாதமா இருக்கும். வேகமா திரும்பறவங்களுக்கு இதைவிட..."

"உங்க மாமா என்னைக்குடா வேகமாத் திரும்பினாரு?" என்றாள் அக்கா. "கூப்பிட்டா திரும்பறதுக்கே அரை நிமிஷம் ஆகும்."

பழைய சக்கரத்தை மாட்டச் சொன்னார்கள். லுக்கு போய்விடும் என்று மச்சினன் முனகினான். மாஸ்டர் வாசலில் நின்ற காரை ஒரு முறை பார்த்தார். மாலை வெயிலில் ரிம் நாலும் ஜொலித்தன. தொண்டையைச் செருமிக்கொண்டு, "நடுவுல ஒரு பதினைஞ்சு இஞ்ச் இருக்காதா, மாப்ள?" என்று மெதுவாகக் கேட்டார். மனைவி ஆணியில் தொங்கிய சாவியைப் பார்த்தாள். அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

மெஷினை இறக்கி, பலகையைச் சாய்த்து, அவள் தன் அருமையான மேசையைத் தானே பிரித்துக் கொடுத்தாள். கேட்காமல் அன்பளிப்புக் கொடுத்தாயே, இப்போது கேட்டு வாங்கிக்கொள்கிறேன், நாளைக்குள் நல்ல தடியான பழைய டயர் நாலு வரவேண்டும் என்று தம்பியிடம் உத்தரவு போட்டாள்.

சக்கரம் மாறிய மறுநாள் காலை நர்ஸம்மாவின் வகுப்பு. ஆனால் அதற்கு முன் சொன்ன சொல் ஒன்று பாக்கியிருந்தது. "தண்ணி சிந்தினதுக்குச் சக்கரம்தான் காரணம்னு நாம சொல்றோம். டம்ளர் சொல்லணும்ல?" என்றார் மாஸ்டர். கழுத்து வரைக்கும் ஊற்றி டேஷ்போர்டுப் பலகையில் வைத்தார். சாட்சிக்கு மனைவி பக்கத்தில் உட்கார்ந்தாள். சிந்தினால் திரும்பி வந்து சாவியை மாட்டிவிடுவதென்றும், அதன்பிறகு பேச்சே கிடையாதென்றும் சொல்லிவிட்டுத்தான் இன்ஜினை எழுப்பினார்.

கார் பழைய காராக இருந்தது. சந்து முனைக் குழியில் இறங்கியபோது மெத்தையில் உட்கார்ந்து எழுந்ததுபோல் இருந்தது. வேகத்தடையில் தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்து யோசித்துவிட்டுத் திரும்பி வந்தது. யாரும் அந்தக் காரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மாஸ்டருக்கு அது கொஞ்சம் குறையாகத்தான் இருந்தது. மேம்பாலத்து ஏற்றத்தில் வேண்டுமென்றே நிறுத்திக் கிளம்பினார், வழுக்கிக்கொண்டு கிளம்பியது. அந்தச் சந்தோஷத்தில் ஆக்சிலரேட்டரில் கால் ஒரு நூல் கூடுதலாக அழுந்திவிட்டது. மூட்டு வந்தது. ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஏறி இறங்கினார்.

சத்தமில்லை. இடியில்லை. ஆனால் பக்கத்தில் ஒரு அசைவு தெரிந்தது.

திரும்பியபோது டம்ளர் பலகையில் இல்லை. மனைவி அதை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தாள். குடித்து முடித்து, நிதானமாகப் பழைய இடத்தில் வைத்தாள். தண்ணீர் கழுத்துக்குக் கீழே இருந்தது. பலகையின் விளிம்பில் கொஞ்சம் ஈரம். அவள் மடியில் உள்ளங்கை அகலத்துக்கு நனைந்திருந்தது.

"தாகமா இருந்துச்சு. ஒரு வாய் குடிச்சுட்டேன்" என்றாள்.

மாஸ்டர் மடியைப் பார்த்தார்.

"குடிக்கும்போது சிந்திடுச்சு. நீங்க ரோட்டைப் பாருங்க."

பேங்க் அதிகாரியை நனைந்த சட்டையோடு மைதானம் சுற்றவைத்த மனிதர் வாயைத் திறந்தார். அவள் நேராக முன்னால் பார்த்தபடி, இரண்டு கையையும் ஈரத்தின் மேல் கோத்து வைத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் தட்டு அடுக்கும் விஷயத்தில் இன்னும் ஒரு நாள் தாங்கமாட்டாள் என்பது அவள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. மாஸ்டர் வாயை மூடிக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். காலை மட்டும் ஆக்சிலரேட்டரிலிருந்து ஒரு நூல் தளர்த்திக்கொண்டார்.

மைதானத்தின் வாசலில் நர்ஸம்மா காத்துக்கொண்டிருந்தார். கார் நிற்பதற்குள் ஓடிவந்து ஜன்னல் வழியாக டம்ளரை எட்டிப் பார்த்தார்.

"என்ன மாஸ்டர், சிந்துச்சா?"

"இல்லம்மா, குடிச்சாச்சு" என்று சொல்லி, மாஸ்டர் பாட்டிலைத் திறந்து டம்ளரைக் கழுத்து வரைக்கும் நிரப்பினார். "உட்காருங்க. கிளம்புங்க."